ஏரிக்கரைக்கு ஓர் அரைமணி
(காஞ்சிபுரத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பொங்கலை ஒட்டி நம் வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்குப் புறப்படுவது உங்கள் எல்லோருக்கும் தெரியும். வாலாஜாபாத் வழியாகப் பழையசீவரம் போய், அங்கே மலையேறி, பிறகு பாலாற்றைக் கடந்து திருமுக்கூடல் சேர்கிறார். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம் அது. பழையசீவரத்துக்கே சுமார் 20 கிலோமீட்டர். பெருமாளைத் தோளில் ஏந்தி அந்த மலையேறுகிறவர்களையும் உடன் செல்கிறவர்களையும் பாருங்கள். அவர்களில் விளையாட்டு வீரர் என்று யாரும் இல்லை. கடை வைத்திருப்பவர், தறி நெய்பவர், அலுவலகம் போகிறவர், வயலைப் பார்ப்பவர், இவர்கள்தான். திருத்தணிக்குக் காவடி எடுத்து நடந்தே போகிறவர்களும், பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறவர்களும் நம் தெருக்காரர்கள்தான்.

கால் இருக்கிறது, மனமும் இருக்கிறது. ஆனால் அடுத்த நாள் காலையில் அரைமணி நேரம் ஏரிக்கரைக்கு ஓடப் போகலாம், வாருங்கள் என்று கூப்பிட்டால், அதே மனிதர்கள் "நேரம் ஏதுங்க?" என்கிறார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கு என்னால் முடிந்த பதிலைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன். நான் நெசவாளர் வீட்டுப் பிள்ளை. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். வேலைக்கு நடுவேதான் ஓடுகிறேன். அந்த நிலையில் நின்று பேசுகிறேன்.

முதலில், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக்கிக்கொள்வோம். தார்ச்சாலையை விட்டு விலகி மண்ணிலும் புல்லிலும் மணலிலும் பாறையிலும் ஓடுவதற்கு உலகம் முழுக்க டிரெயில் ரன்னிங் என்று பெயர். நாம் மண்பாதை ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். இதற்கென்று உள்ள சர்வதேச அமைப்பு, ஓடுகிற தூரத்தில் தார், சிமெண்ட் சாலை 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்திருக்கிறது. 2015-இல் உலகத் தடகள அமைப்பும் இதைத் தடகளத்தின் ஒரு பிரிவாக ஏற்றுக்கொண்டது. ஐரோப்பாவில் மோன் பிளான் மலையைச் சுற்றி 2003 முதல் நடக்கும் பந்தயம் சுமார் 170 கிலோமீட்டர். நம் பக்கத்தில் ஆரோவில் மராத்தான் காட்டுக்குள் ஓடும் செம்மண் பாதைகளில் நடக்கிறது. இவற்றையெல்லாம் கேட்டதும், இது பணமும் ஓய்வும் உள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று தோன்றும். அந்த எண்ணம்தான் நம்மை வீட்டில் உட்கார வைக்கிறது. அதை முதலில் களைய வேண்டும்.

இங்கிலாந்தில் வாஸ்டேல் பள்ளத்தாக்கில் ஜாஸ் நெய்லர் என்று ஒருவர் வாழ்ந்தார். 1936-இல் பிறந்தவர். தொழில் ஆடு வளர்ப்பு. இளமையிலேயே முதுகில் அடிபட்டு, அறுவை சிகிச்சையும் செய்துகொண்டவர். அவரை யாரும் பயிற்சி முகாமுக்கு அழைத்துப் போகவில்லை. மலைச்சரிவில் ஆடுகளைத் தேடி ஏறி இறங்கிய கால்கள்தான் அவருக்குப் பயிற்சி. 1975-இல் 24 மணி நேரத்துக்குள் 72 சிகரங்களை ஓடிக் கடந்தார். 60 வயதில் 60 சிகரங்கள், 70 வயதில் 70 சிகரங்கள். 2024-இல் தம் 88-ஆம் வயதில் மறைந்தார். அவர் அந்தப் பள்ளத்தாக்கின் விவசாயி.

ஜப்பானில் யூகி கவாவுச்சி சைதாமா மாகாணத்தில் பள்ளி அலுவலக ஊழியராக முழுநேர அரசு வேலை பார்த்துக்கொண்டே ஓடினார். அவருடன் போட்டியிட்ட பெரிய வீரர்கள் ஒரு நாளைக்கு இருமுறை பயிற்சி செய்தார்கள். இவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரு வேளைதான். வாரத்தில் இரண்டு நாள் கடுமையாக ஓடுவார், மற்ற நாட்களில் மெதுவாக ஓடுவார். 2018 ஏப்ரல் 16 அன்று, கொட்டும் மழையிலும் குளிர்காற்றிலும், பாஸ்டன் மராத்தானில் முதலாவதாக வந்தார். நம் மாநிலத்தில் மா. சுப்பிரமணியன் அவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மேயர், அமைச்சர் என்று பொறுப்புகளின் நடுவே நூற்றுக்கும் மேற்பட்ட அரை மராத்தான்களை ஓடி முடித்தவர்.

இவர்களுக்கும் நமக்கும் வாய்த்தது 24 மணி நேரம்தான். ஆனால் இவர்கள் வேலையோடு மல்லுக்கட்டி நேரத்தைப் பிடுங்கவில்லை. வேலை எந்த ஒழுங்கில் போகிறதோ, அந்த ஒழுங்குக்குள் ஓட்டத்துக்கு ஒரு சின்ன இடம் ஒதுக்கினார்கள். நான் இன்று சொல்ல வந்த ஒரே செய்தி இதுதான். ஓய்வு கிடைத்தபின் ஓடலாம் என்று காத்திருந்தால் ஓய்வு வராது. வேலையின் போக்கைப் பார்த்து, அதற்குள்ளேயே ஓட்டத்தைப் பொருத்திவிட வேண்டும்.

ஏன் பொருத்த வேண்டும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு. தேசிய அளவு 11.4 சதவீதம். அதாவது தமிழ்நாட்டில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர். உங்கள் தெருவில் ஒவ்வொரு வீடாக எண்ணிப் பாருங்கள், இந்தக் கணக்கு புரியும்.

தறிக்காரரின் உடம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குழித்தறியில் இடுப்புக்குக் கீழே குழிக்குள், கால் மிதியில், கை நாடாவில், கண் பாவில். காலை முதல் மாலை வரை முன்பக்கம் குனிந்த நிலை. உழைப்பு கடுமையானதுதான், ஆனால் உடம்பு ஓரிடத்தை விட்டு நகர்வதில்லை. கழுத்து வலி, இடுப்பு வலி, முழங்கால் வலி இல்லாத நெசவாளர் வீட்டை இந்த ஊரில் காட்டுவது கடினம். தொழிற்சாலையில் ஒரே இடத்தில் எட்டு மணி நேரம் நிற்கிற தம்பிக்கும், பட்டுக்கடையில் நாள் முழுக்கச் சேலை விரித்துக் காட்டி மடித்து வைக்கிற தங்கைக்கும் இதே கதைதான். உழைத்துக் களைக்கிறோம், ஆனால் மூச்சு வாங்கும்படி உடம்பு அசைவதில்லை.

இந்த உடம்புக்கு மண்பாதை பொருத்தமான மருந்து. தார்ச்சாலையில் ஒவ்வொரு அடியும் ஒரே மாதிரி விழும். ஏரிக்கரையில் ஒவ்வோர் அடியும் வேறு மாதிரி விழும். மேடு, பள்ளம், சரிவு, வேர், மணல். கணுக்காலும் இடுப்பும் விநாடிக்கு விநாடி தங்களைச் சரிசெய்துகொள்கின்றன. நாள் முழுக்க ஒரே அசைவைச் செய்து இறுகிப்போன தசைகளுக்கு இந்த மாறுதல்தான் தேவை. சீரற்ற தரையில் ஓடும்போது சமதரையை விடச் சுமார் 5 சதவீதம் கூடுதல் ஆற்றல் செலவாகிறது என்று ஆய்வில் அளந்திருக்கிறார்கள். வேகம் குறையும், வேலை கூடும். அதனால் மண்பாதையில் கிலோமீட்டரைக் கணக்கிடாதீர்கள். நிமிடத்தைக் கணக்கிடுங்கள்.

எத்தனை நிமிடம்? பெரியவர்கள் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சியோ, 75 முதல் 150 நிமிடம் தீவிரமான பயிற்சியோ செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த வழிகாட்டுதல் சொல்கிறது. ஓட்டம் தீவிரப் பயிற்சி. ஆக வாரத்துக்கு 75 நிமிடம், அதாவது 25 நிமிடம் வீதம் மூன்று நாள் போதும். அதுவும் முடியாதவர்களுக்கு இன்னொரு செய்தி. அமெரிக்காவில் 55,000 பேருக்கு மேல் சுமார் 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2014-இல் வெளியான ஆய்வு, ஒரு நாளைக்கு 5 முதல் 10 நிமிடம் மெதுவாக ஓடுகிறவர்களுக்குக்கூட, ஓடாதவர்களைவிட இதய நோயால் இறக்கும் ஆபத்து கணிசமாகக் குறைவாக இருப்பதைக் கண்டது. மூன்றரை லட்சம் பேரைப் பார்த்து 2022-இல் வந்த இன்னோர் ஆய்வு, வாரத்துக்கான பயிற்சியை ஓரிரு நாளிலேயே முடிக்கிறவர்களுக்கும், வாரம் முழுக்கப் பரப்பிச் செய்கிறவர்களுக்கும் பலனில் பெரிய வேறுபாடு இல்லை என்றது. ஞாயிற்றுக்கிழமை மட்டுமே கிடைக்கிற தம்பிக்கு இது நல்ல செய்தி.

இனி அவரவர் வேலைக்குள் எப்படிப் பொருத்துவது என்று பார்ப்போம்.

தறிக்காரர்களுக்கு முதலில் சொல்கிறேன். உங்கள் நேரம் உங்கள் கையில் இருப்பதுபோலத் தெரியும், ஆனால் சேலையை முடித்துக் கொடுக்க வேண்டிய தேதி உங்களை விடாது. எனவே தறியில் உட்காரும் முன்பே ஓடிவிடுங்கள். உட்கார்ந்தபின் எழுந்து போவது நடக்காது. ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு பிணைக்கும் வரை ஒரு இடைவெளி வருமே, அதை நீண்ட ஓட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அமாவாசையன்று தறிக்கு ஓய்வு கொடுக்கும் வழக்கம் நம் வீடுகள் பலவற்றில் உண்டு. மாதம் ஒருமுறை வரும் அந்தக் காலையில் தெருவாகச் சேர்ந்து ஏரிக்கரைக்குப் போகலாம்.

ஷிப்ட் தொழிலாளர்களுக்கு. இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும் ஓடாதீர்கள். தூக்கம் கெட்ட உடம்பு மண்பாதையில் தடுக்கி விழும். முதலில் தூங்குங்கள், மாலையில் நடந்தால் போதும். மதிய ஷிப்ட் வாரம்தான் உங்களுக்குச் சிறந்த வாரம். காலை முழுக்க உங்களுடையது. ஓட்டத்தின் பெரும்பகுதியை அந்த வாரத்தில் வைத்துக்கொண்டு, இரவு ஷிப்ட் வாரத்தில் நடைப்பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஷிப்ட் அட்டவணை கைக்கு வந்த அன்றே ஓடும் நாட்களையும் அதிலேயே குறித்து வையுங்கள்.

பட்டுக்கடையில் வேலை செய்பவர்களுக்கு. முகூர்த்த மாதங்களில் இரவு வெகுநேரம் வரை கடை. அப்போது பெரிய திட்டம் வேண்டாம். பத்து நிமிடம் போதும், ஆனால் விடாமல். முகூர்த்தம் இல்லாத மார்கழியில் கூட்டம் குறையும், காலையும் குளிர்ந்திருக்கும். அந்த மாதத்தை முழுமையாகப் பயன்படுத்துங்கள்.

தாய்மார்களுக்குச் சொல்லும்போது எனக்குக் கூடுதல் பொறுப்பு இருக்கிறது. வீட்டில் முதலில் எழுந்து கடைசியில் படுப்பவர் நீங்கள். தறி வேலையிலும் பாதி உங்கள் கையில்தான் நடக்கிறது. உங்களுக்கு அரைமணி கிடைக்க வேண்டுமானால், அந்த அரைமணியில் வீட்டில் வேறொருவர் அடுப்பைப் பார்க்க வேண்டும். இதை ஆண்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன். நீங்கள் ஓடிவிட்டு வந்து காபிக்குக் காத்திருந்தால், அந்த ஓட்டம் இன்னொருவருடைய உழைப்பின்மேல் நடந்தது. வாரத்தில் மூன்று நாள் நீங்கள் ஓடுங்கள், மூன்று நாள் அவர்கள் ஓடட்டும். பெண்கள் தனியாகப் போக வேண்டாம், இருட்டில் போக வேண்டாம் என்று அறிவுரை சொல்வது எளிது. நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்து, விடிந்தபின், ஆறரை மணிக்குப் போகிற மாதிரி வீட்டு வேலையை மாற்றியமைப்பதுதான் கடினம். அந்தக் கடினமான வேலையை நாம் செய்ய வேண்டும்.

எங்கே ஓடுவது? மலையைத் தேடிப் போக வேண்டாம். காஞ்சிபுரமும் செங்கல்பட்டும் ஒரே மாவட்டமாக இருந்தபோது ஏரி மாவட்டம் என்றே பெயர் வாங்கிய மண் இது. பெங்களூர் சாலையில் தாமல் ஏரி, வாலாஜாபாத் பக்கம் தென்னேரி, தெற்கே உத்திரமேரூர் ஏரி, ஊருக்கு அருகிலேயே நத்தப்பேட்டை ஏரி. ஒவ்வொரு ஏரிக்கும் நீளமான மண் கரை. ஒருபக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், கரையில் மண்ணைப் பிடித்து நிற்கும் பனை. கரைமேல் வண்டி நெரிசல் இல்லை, கட்டணம் இல்லை. ஏறுவதற்கு மேடு வேண்டும் என்பவர்களுக்குக் கரையின் சரிவே போதும். கீழிருந்து மேலே ஏறி இறங்குவதைப் பத்து முறை செய்து பாருங்கள். பாலாற்று மணல் தொடைக்கு வலு தரும். ஆனால் மணல் அள்ளிய பள்ளங்கள் இருக்கும் இடங்களுக்குப் போகாதீர்கள்.

தொடங்குகிறவர்களுக்கான முறை எளியது. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, மொத்தம் இருபது நிமிடம். இரண்டு மூன்று வாரத்தில் ஓட்டம் கூடும், நடை குறையும். பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிகிற வேகத்தில் ஓடுங்கள். பேச்சு திக்கினால் வேகத்தைக் குறையுங்கள். மேட்டில் நடந்தால் குறைவு ஒன்றுமில்லை, உலகின் பெரிய மலை ஓட்டக்காரர்களும் நடக்கிறார்கள். அடியைச் சின்னதாக வையுங்கள், காலைச் சற்று உயர்த்தி வையுங்கள், கண் நாலைந்து அடி தள்ளித் தரையில் இருக்கட்டும்.

கவனம் வேண்டிய இடங்களையும் மறைக்காமல் சொல்கிறேன். ஏரிக்கரையில் நெருஞ்சியும் சீமைக்கருவேல முள்ளும் உண்டு, எனவே வெறுங்கால் வேண்டாம். அடியில் பிடிப்புள்ள ஷூ போதும், விலை உயர்ந்தது தேவையில்லை. புல் வளர்ந்த இடத்தில் நாகமும் கண்ணாடிவிரியனும் இருக்கலாம், எனவே இருட்டில் போகிறவர்கள் விளக்கில்லாமல் போகாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியும்போது கரை ஊறியிருக்கும், வழுக்கும். அந்த நாட்களில் ஊருக்குள் மாட வீதிகளைச் சுற்றி வாருங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள், சட்டைப்பையில் கொஞ்சம் சர்க்கரையோ வெல்லமோ இருக்கட்டும், வீடு திரும்பியதும் பாதத்தில் காயம் இருக்கிறதா என்று பாருங்கள். காட்டுக்குள்ளும் மலைக்கும் போக ஆசைப்படுகிறவர்கள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்த மாநிலம் இது.

துணையைப் பற்றி ஒரு வார்த்தை. கோர்வைச் சேலைக்குக் கரையும் உடலும் பிரியாமல் சேர, தறியில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் எழுந்து போனால் சேலை நிற்கும். ஓட்டத்துக்கும் அப்படி ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் வாசலில் வந்து நிற்பார் என்ற நினைப்பே உங்களைப் படுக்கையிலிருந்து எழுப்பும்.

கடைசியாக, எனக்கு மிகவும் நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன். நாம் ஓட வேண்டிய கரைகள் என்ன நிலையில் இருக்கின்றன? வேகவதி ஆக்கிரமிப்பில் சுருங்கிவிட்டது. மஞ்சள்நீர்க் கால்வாய் வழியாகப் போகும் கழிவுநீர் நத்தப்பேட்டை ஏரியில் கலக்கிறது. கரையில் குப்பை, சீமைக்கருவேலம், உடைந்த பாட்டில். கரையில் நாளும் நடமாட்டம் இருந்தால் அங்கே குப்பை கொட்டக் கை கூசும். மதகு பழுதானாலும் கரை அரித்தாலும் முதலில் கண்ணில் படுவது அதன்மேல் ஓடுகிறவருக்குத்தான். அவர் படம் எடுத்து மாநகராட்சிக்கும் நீர்வளத்துறைக்கும் எழுத வேண்டும், பதில் வரும்வரை மறுபடி எழுத வேண்டும். ஓடுகிறவர்கள் பெருகினால் ஏரிக்குக் காவல் பெருகும். 2023 நவம்பர் 4 அன்று தமிழக அரசு எல்லா மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டத்தைத் தொடங்கியது. அது நல்ல தொடக்கம். அதோடு ஊர்தோறும் ஓர் ஏரிக்கரையைப் பாதுகாப்பான மண்பாதையாக, சிமெண்ட் போடாமல், முள் அகற்றி, பனையைக் காத்து வைத்துக் கொடுங்கள் என்று நாம் கேட்க வேண்டும்.

இப்படிக் கேட்க நமக்கு உரிமை உண்டு, மரபும் உண்டு. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-இலும் 921-இலும் வெட்டிய கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்குப் புகழ் பெற்றவை. அந்தக் குடவோலையில் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களில் ஒன்று ஏரி வாரியம். ஆறு பேர், பதவிக்காலம் 360 நாள், வேலை ஏரியைப் பார்த்துக்கொள்வது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் இந்த மண்ணில் ஏரியை மேற்பார்வையிடத் தனிக் குழுவே இருந்தது. திருமுக்கூடல் கோயிலில் வீரராஜேந்திர சோழனின் கல்வெட்டு, பதினைந்து நோயாளிகள் தங்கும் மருத்துவமனைக்கும் அதில் பணிபுரிந்தோருக்கும் செய்த ஏற்பாட்டைச் சொல்கிறது. நீரையும் உடம்பையும் ஊரே சேர்ந்து பேண வேண்டும் என்று கல்லில் எழுதி வைத்தவர்கள் நம் முன்னோர்.

எனவே என் வேண்டுகோள் இது. உங்கள் வேலை அட்டவணையை எடுத்துப் பாருங்கள். வாரத்தில் மூன்று அரைமணிகளை அதில் எழுதுங்கள். வீட்டில் சொல்லுங்கள், துணைக்கு ஒருவரைச் சேருங்கள். உங்கள் வீட்டுக்கு மிக அருகில் உள்ள ஏரிக்கரைக்குப் போய் மெதுவாகத் தொடங்குங்கள். அந்த ஏரியை உங்கள் பொறுப்பாக ஏற்றுக்கொள்ளுங்கள். தெருவுக்கு ஆறு பேர் முன்வந்தால் போதும், இந்த ஊருக்கு மறுபடியும் ஏரி வாரியங்கள் கிடைத்துவிடும். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு அருகே வந்து உங்கள் தெருவின் பெயரைச் சொல்லுங்கள். எந்தக் கரை, எந்தக் கிழமை, எத்தனை மணி என்பதை இன்றே முடிவு செய்துவிட்டுக் கலைவோம்.